பட்டிக்கு அடியில் ஒளியும் துரு

1972இல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. அப்படி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு உட்கார்ந்து, தானே பெயின்ட் அடிக்கக் கிளம்புவது அருமையான காரியம். ஆனால் பலரும் முதலில் தேடுவது நிறத்தை. பார்க்க வேண்டியது துருவை. காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது.

வெஸ்பாவை உருவாக்கிய கொராடினோ தாஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். பியாஜியோ 1946இல் வெளியிட்ட அந்த வண்டியில் தனியாகச் சட்டம் கிடையாது. அழுத்தி வளைத்த இரும்புத் தகடுதான் எடை முழுவதையும் தாங்குகிறது. சேத்தக்கும் அதே வம்சம். லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில் சுமப்பது உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டம், மேல்தகடு வெறும் போர்வை. ஆக, சேத்தக்கில் கால் வைக்கும் தளம் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் அதைப் பட்டி என்ற நிரப்புப் பசையை வைத்து மூடுவது ஆபத்து. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அது டிங்கரிங் தெரிந்தவர் கை வைக்க வேண்டிய வேலை.

வீட்டில் தொடங்க ஏற்றவை சைடு பேனல்கள். எளிதாகக் கழன்று வரும். முன் மட்கார்டுக்கு ஃபோர்க்கையே இறக்க வேண்டும்.

பழைய பெயின்ட்டை 80ஆம் நம்பர் எமரித் தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரிந்ததும் அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். பட்டி வைத்துச் சமன் செய்து சர்ஃபேசர் அடித்த பிறகு, அதன்மேல் கறுப்பு ஸ்பிரேயை மெல்லத் தூவி, கட்டையில் சுற்றிய 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தால் ஓர் அதிசயம் நடக்கும். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும்; கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் பொட்டுப் பொட்டாகத் தங்கும். அந்தப் பொட்டைப் பார்த்த பிறகும் பெயின்ட் அடிப்பவர், மறுநாள் வெயிலில் அதே பள்ளத்தைப் பளபளப்போடு பார்ப்பார்.

கடைசிப் பூச்சில்தான் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யும் பிடிவாதம் கூடாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டில் பெட்ரோல் சிந்தினால் கெடும் என்று பலரும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டுக்குப் போகிறார்கள். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் நடமாடும் போர்ட்டிகோவில் அதை ஸ்பிரே செய்யவே கூடாது. தேய்த்துச் சமன் செய்த பேனல்களைத் துணியில் சுற்றி, பெயின்ட் பூத் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போகலாம். முக்கால்வாசி வேலை அதற்குள் வீட்டிலேயே முடிந்திருக்கும்.