குறை சொன்னவன் பகைவனா?

பிறர் குறையை ஒருவன் எடுத்துரைத்தால் கைதட்டி வரவேற்கும் நாம், நம் குறையை அவன் சுட்டிய மறுகணமே அவனுடைய பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவதேன்?

சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்தமை தெரியவந்தபோது குடாநாடே கொதித்தெழுந்தது. 2019ஆம் ஆண்டில் அந்த மின்நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதி வென்றதென்று அகமகிழ்ந்தோம். அக்கோபம் நியாயமானதே, அதில் ஓர் அணுவும் குறையவேண்டியதில்லை.

ஆனால், நம் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே கண்டு கூறினார்களே! அதனைக் கலந்தவர் யார்? எந்த நிறுவனமுமல்ல, நாமே. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுமீறி வாரியிறைத்த யூரியாவும், கிணற்றுக்கு அணித்தே வெட்டிய மலக்குழியுமன்றோ அதன் தோற்றுவாய்? குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனுமில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கித் தேங்குவதே நமது குடிநீர். மண்ணில் நாம் இடுவதும் அம்மழையோடு கூடவே இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைத் தாங்கும் வலுவை இழக்கவும்கூடும்.

இதனைச் சொன்னவர்களுக்கு நாம் அளித்த விடை என்ன? "எங்கள் அப்பு குடித்த கிணறு இது" என்கிறார் கமக்காரர். "எல்லாம் தோட்டக்காரர் செய்த வினை" என்கிறார், தம் வளவின் மலக்குழியை மறந்த உத்தியோகத்தர். 2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்த மடமையைக் காட்டி, அளவறிந்து இடுங்கள் என்பவனையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறோம். இடவே கூடாதென்பது வேறு. அளவோடு இடுக என்பது வேறு என்பதை அறியாதவர்களா நாம்?

அன்று நீர்ப் பரிசோதனை அறிக்கையை வேதவாக்காகக் கொண்டோம். பிறரைக் குற்றவாளியாக்கிய பரிசோதனை மெய். நம்மைச் சுட்டும் பரிசோதனை பொய்யோ? இவ்விரட்டை நாக்கோடு நாளை எந்த நீதிமன்றப் படியில் ஏறி நியாயம் கேட்கப்போகிறோம்?

கமக்காரரே, மண்ணைப் பரிசோதிப்பித்து அதற்கேற்ப உரமிடுங்கள். உத்தியோகத்தரே, உங்கள் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்றே அளந்து பாருங்கள். நோயை எடுத்துரைத்த வைத்தியனை விரட்டியடித்த வீட்டில் நோய் நீங்கியதுண்டோ?