ஆப் போனாலும் கணக்கு போகக் கூடாது!

ஏலக்காய் சீசன் தொடங்கிவிட்டால் போடிநாயக்கனூர் வீடுகளில் கையில் காசு நிற்காது. விடியற்காலையில் போடிமெட்டு ஏறும் ஜீப்புக்கு வாடகை, காய் பறிப்புக் கூலி, உரம், மருந்து என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் காய் விலைபோனால்தான் வரவு. சிட்டை நோட்டில் எழுதிய இந்தக் கணக்கை, இப்போது செல்போன் ஆப்பில் போடுகிறவர்களும் உண்டு.

அந்த ஆப் திடீரென்று மூடப்பட்டால்?

நடக்காத விஷயமல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் 'மணி' சாஃப்ட்வேர் விற்பனையை 2009-ல் நிறுத்தியது. அமெரிக்காவில் பிரபலமாக இருந்த 'மின்ட்' ஆப், 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அதனால், ஆப்பில் உள்ள 'எக்ஸ்போர்ட்' வசதி மூலம் கணக்கை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஏற்றி வைப்பது நல்லது. ஆனால், ஏற்றும்போதுதான் சிக்கல்களே வரும்.

தேதி: கம்ப்யூட்டரின் பிராந்திய அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 05/08 என்பது ஆகஸ்ட் 5 ஆகாது, மே 8 ஆகிவிடும். பறிப்புக் கூலி, சீசனே இல்லாத மே மாதத்தில் போய் உட்காரும். 13 முதல் 31 வரையிலான தேதிகளோ வெறும் எழுத்தாக நின்றுவிடும். கூகுள் ஷீட்டில் கோப்பை ஏற்றும் முன்பே, செட்டிங்ஸில் 'லொகேல்' பகுதியை இந்தியா என்று மாற்றிவிட வேண்டும்.

தொகை: எண்ணோடு 'ரூ.' ஒட்டியிருந்தால், எக்செல் அதை எழுத்தாகவே பார்க்கும், கூட்டலில் சேர்க்காது.

தமிழ்ப் பெயர்கள்: கட்டம் கட்டமாகவோ, புரியாத குறிகளாகவோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோப்பைத் திறக்கும்போது 'யு.டி.எஃப்-8' என்று தேர்வு செய்தால் சரியாகிவிடும்.

இரட்டைப் பதிவு: ஏ.டி.எம்-மில் எடுத்த பணம், வங்கியில் பற்றாகவும் கைரொக்கத்தில் வரவாகவும் இரண்டு வரிகளில் வரும். அதை வருமானமாகவோ செலவாகவோ எண்ணிவிடக் கூடாது.

வரிகள் விடுபட்டாலும் பெரும்பாலும் சத்தமே இருக்காது. 2020-ல் இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியதில், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமலே போனது. வீட்டுக்கணக்கு அவ்வளவு நீளாது. என்றாலும் பாடம் ஒன்றுதான். ஆப்பில் எத்தனை பதிவுகளோ, ஷீட்டிலும் அத்தனை வரிகள் இருக்க வேண்டும். வங்கி, கைரொக்கம் என ஒவ்வொன்றின் இறுதி இருப்பும் பைசா மாறாமல் பொருந்த வேண்டும். அதுவரை ஆப்பை நீக்கக் கூடாது. முதலில் இறக்கிய சி.எஸ்.வி. கோப்பையும் தொடாமல் தனியாக வைத்திருக்க வேண்டும்.

செலவு வரி ஒன்று விடுபட்டால், லாபம் கூடியதுபோலத் தெரியும். கூலி கொடுத்த வரி விடுபட்டால், பாக்கி இருப்பதாக நினைத்து மறுபடியும் கொடுக்க நேரும். முன்பணத்தைக் கழித்த வரி விடுபட்டாலோ, அடைத்த கடனையே இன்னொரு முறை அடைக்க வேண்டிய நிலை தொழிலாளிக்கு வரும். சரிபார்க்க ஒரு மணி நேரம் செலவழித்தால், இரு தரப்புக்கும் மனக்கசப்பு மிச்சம்!