கல்லடி பட்ட கண்ணாடியின் கணக்கு

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பது பழமொழி. டெல்டாவில் ஓடும் பழைய வண்டிகள் இதை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகின்றன. பம்பரில் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் வெள்ளிக்கு வெள்ளி மாறும். அதற்கு மேலே, முன்கண்ணாடியில் ஜல்லி தெறித்து விழுந்த நட்சத்திரக் கீறல் மட்டும் ஆடியிலிருந்து தை வரை இருந்த இடத்திலேயே இருக்கும். இருந்த இடத்திலேயே என்றுகூடச் சொல்ல முடியாது, மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். கேட்டால் வருகிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "வண்டியே அறுபதாயிரம் போகாதுண்ணே, இதுக்குப் போயி புதுக் கண்ணாடியா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் அளவுகோலே தப்பு என்பது என் கட்சி. வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது விற்கும்போது பார்க்க வேண்டிய விஷயம். முன்கண்ணாடியை ஒட்டுவதா மாற்றுவதா என்பதற்குப் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தக் கண்ணாடி வழியாக ராத்திரியில் சாலை எப்படித் தெரிகிறது, வண்டி இன்னும் எத்தனை வருஷம் ராத்திரியில் ஓடப்போகிறது.

இந்தப் பகுதியில் கல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. வேலை நடக்கிற சாலையில் தார் போடுவதற்கு முன் கிடக்கும் சில்லி ஜல்லி ஒவ்வொன்றும் முன்னால் போகிற லாரியின் டயருக்கு ஒரு கவண்கல். புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் தார்ப்பாய் போடாமல் வரும். அறுவடை மாதங்களில் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் லாரிகள், வயலிலிருந்து வயலுக்கு அறுவடை இயந்திரத்தை ஏற்றிப்போகும் லாரிகள், அவற்றின் சக்கரத்தில் ஒட்டிக் காய்ந்து உதிரும் களிமண் கட்டிகள். கல்லடியைத் தவிர்க்க வழியில்லை. பட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முன்கண்ணாடி என்பது உண்மையில் இரண்டு கண்ணாடிகள். நடுவில் முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பெரும்பாலும் வெளிக் கண்ணாடியை மட்டும்தான் சேதப்படுத்தும். அதனால்தான் ஒட்டுவது என்ற வழியே இருக்கிறது. அடிபட்ட புள்ளியின் மேல் உறிஞ்சுகப்பு வைத்த ஒரு சிறிய கருவியைப் பொருத்துகிறார்கள். அதன் குழல் வழியாக முதலில் கீறலுக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறார்கள், பிறகு பிசின் போன்ற ரெசினை அழுத்தி ஏற்றுகிறார்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, புற ஊதா விளக்கைக் காட்டினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். மிச்சத்தை பிளேடால் சுரண்டி மட்டம் செய்துவிட்டால் வேலை முடிந்தது. தழும்பு லேசாகத் தெரியும், ஆனால் கீறல் மேலே ஓடாது. எது வரை ஒட்டலாம் என்பதற்கு பிரிட்டனில் வருடாந்திர வாகனச் சோதனையில் வைத்திருக்கும் அளவு நமக்கும் உதவும். ஸ்டியரிங்குக்கு நேராக, ஓட்டுநரின் பார்வை விழும் 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருக்கக் கூடாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 வரை விடுகிறார்கள். பத்து மில்லிமீட்டர் என்பது ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கண்ணுக்கு நேரே அதைவிடப் பெரிதாக ஒரு வடு இருப்பதை அங்கே ஒப்புக்கொள்வதில்லை. நம் ஊரில் ஒரு முழம் நீளத்துக்கு ஓடிய விரிசலுக்குப் பின்னால் உட்கார்ந்து சுபமுகூர்த்தத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறோம்.

ஒட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உடனே ஒட்ட வேண்டும். இதில் டெல்டாவின் தட்பவெப்பம் கருணை காட்டுவதில்லை. கண்ணாடி விரிசலின் நுனியில் ஈரம் சேர்ந்தால் அங்கே அணுக்களின் பிணைப்பு எளிதாக அறுகிறது. காய்ந்த காற்றில் நின்றுவிடக்கூடிய விரிசல் ஈரத்தில் நகரும். ஐப்பசி அடைமழையில் காலையில் பார்த்தால் விரிசல் விரற்கடை அளவு கூடியிருப்பதற்கு இதுவும் காரணம். கோடையில் வேறு விதம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏ.சி.யை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்புகிறோம், ஏ.சி. இல்லாத வண்டி என்றால் பச்சைத் தண்ணீரை வாரி ஊற்றுகிறோம். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்று கண்ணாடி இழுபடும்போது பலவீனமான இடத்தில் பிளக்கிறது. இதற்கிடையில் கீறலுக்குள் சேறும் எண்ணெயும் போய்விட்டால் ரெசின் பிடிக்காது. நகப்பூச்சு தடவுவது, கைக்குக் கிடைத்த பசையை ஊற்றுவது, மேலே சாமி ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது ஆகிய மூன்றும் நடைமுறையில் இருக்கும் வைத்தியங்கள். முதல் இரண்டும் பின்னால் ஒழுங்காக ஒட்டும் வாய்ப்பையே கெடுத்துவிடும். மூன்றாவது சாமியைச் சாட்சிக்கு வைக்கிறது. ஆகவே புதிய, சிறிய அடி என்றால் எவ்வளவு பழைய வண்டியாக இருந்தாலும் ஒட்டுவதே சரி. செலவு குறைவு, பொருத்தியபடியே இருக்கும் கண்ணாடியைக் கலைக்கவும் வேண்டாம்.

ஆனால் பதினைந்து, இருபது வருஷம் ஓடிய வண்டியில் விரிசலைவிடப் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: கண்ணாடியே கிழடாகிவிட்டதா? சாலைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. சித்திரை வைகாசியில் பயன்படாமல் வெயிலில் காய்ந்து விறைத்துப்போன வைப்பர் ரப்பர், முதல் தூறல் விழுந்ததும் அந்த மணலைக் கண்ணாடி மேல் தேய்க்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் இது நடக்கும்போது விசிறி வடிவத்தில் ஆயிரக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் விழுகின்றன. கூடவே பொடிக் கற்கள் கொத்திய குட்டிக் குழிகள். பகலில் இவை கண்ணில் படாது. இரவு எட்டு மணிக்கு நீடாமங்கலம் பக்கத்தில் எதிரே எல்.இ.டி. விளக்கு போட்ட ஒரு டிராக்டர் வரும்போது கண்ணாடி முழுக்க வெண்படலம் பூக்கிறதே, அப்போது தெரியும். அந்த இரண்டு விநாடியில் சாலையோரம் காயப்போட்ட நெல்லும், அதற்குக் காவலாக வைத்த கல்லும், விளக்கில்லாத சைக்கிளும் ஒன்றாக மறைந்துபோகின்றன. ஓரங்களில் நடுப்படலம் பிரிந்து பால் பூத்தது போல் வெளுத்திருந்தால் அதுவும் முதுமையின் அடையாளம்தான். இப்படிப்பட்ட கண்ணாடியில் கல்லடி பட்ட புள்ளியை மட்டும் ஒட்டுவது வீண் செலவு. விரிசல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டிய கண்ணாடி அது.

"இருபது வருஷமா இதே கண்ணாடி வழியாத்தான் ஓட்டுறேன், பழகிப்போச்சு" என்பது இதற்கு வரும் முதல் எதிர்வாதம். பழகியது உண்மை. ஆனால் அந்த இருபது வருஷத்தில் ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் இருபது வயது கூடியிருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸில் ஒளி சிதறுவது கூடும், எதிர்வெளிச்சம் கடந்த பிறகு பார்வை பழைய நிலைக்கு வர அதிக நேரம் பிடிக்கும். பழைய வண்டிகளைப் பெரும்பாலும் ஓட்டுபவர்கள் இளைஞர்கள் அல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சட்டமும் இந்தக் கோணத்தில்தான் பேசுகிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விடும் நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது இந்த விதியை வைத்துத்தான். வண்டியின் வயதுக்கோ விலைக்கோ அதில் சலுகை இல்லை. கீறல் விழுந்த கண்ணாடி 70 சதவீதக் கணக்கில் தேறிவிடலாம், ஒளியைத் தடுக்காமல் சிதறடிப்பதுதானே அதன் வேலை. அதனால்தான் பகலில் எஃப்.சி. காட்டித் தேறிய வண்டி இரவில் குருடாகிறது.

வயது பார்க்காத இன்னொரு இடம் இன்சூரன்ஸ். பழைய வண்டிக்கு கிளைம் போட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். கண்ணாடிக்கு மட்டும் வழக்கமான பாலிசி விதியில் தேய்மானம் பூஜ்யம். சல்லிக்காசையும் எண்ணிக் கொடுக்கிறவர்களே பழைய வண்டியின் கண்ணாடியைப் புதுசுக்குச் சமமாக மதிக்கும்போது, சொந்தக்காரர் மட்டும் ஏன் குறைத்து மதிக்க வேண்டும்? ஆனால் கிளைம் போடுவது எப்போதும் லாபம் என்று சொல்ல மாட்டேன். கிளைம் இல்லாத போனஸ் உச்சமான 50 சதவீதத்தில் இருக்கும் ஒருவர் ஒருமுறை கிளைம் போட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். இழப்பைக் கூட்டினால் ஓராண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் ஒன்றேகால் மடங்கு. பழைய காருக்கு அந்தப் பிரீமியம், தள்ளுபடிக்கு முன், 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இழப்பு 3,750. 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயம் நம் கையிலிருந்து போகும் 1,000-ஐயும் சேர்த்தால் 4,750. கண்ணாடிச் செலவு அதைத் தாண்டினால் கிளைம் போடலாம், தாண்டாவிட்டால் கைக்காசே மேல். புது வண்டிக்காரர்கள் போனஸை நினைத்துப் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. மதிப்பு குறைந்த வண்டிக்குப் பிரீமியமும் குறைவு, பயமும் குறைய வேண்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மரம் விழுந்து கண்ணாடி போயிருந்தாலும், தேர்ட் பார்ட்டியில் ஒரு பைசா வந்திருக்காது.

வலுவான எதிர்வாதம் இனிமேல்தான் வருகிறது. "கம்பெனி கண்ணாடி போல இப்போ வராது, மாத்துனா மழைத்தண்ணி ஒழுகும்" என்பார்கள் அனுபவசாலிகள். இதில் உண்மை இருக்கிறது. அம்பாசிடர், மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கிறது. மாட்டும் முறையே ஒரு கைவித்தை. பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, வண்டியின் விளிம்பைக் கவ்வ வேண்டிய பள்ளத்தில் மெல்லிய கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி அமரும். விளிம்பு நேராக இருந்தால் இது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் நம் ஊர் ஈரத்தில், அதுவும் நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில், பீடிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கீழ் மூலைகள் துருவேறியிருக்கும். துருப் புடைத்த இடத்தில் புதுக் கண்ணாடியை அழுத்தினால் அந்த ஒரு புள்ளியில் பாரம் விழுந்து, கல்லே படாமல் விரிசல் விடும். அப்புறம் பழி கண்ணாடிக் கடைக்காரர் தலையில். ஆக, ஒழுகலுக்கும் உடைசலுக்கும் காரணம் புதுக் கண்ணாடி என்பதைவிட பழைய துரு என்பதே பல சமயம் பொருந்தும். அதைச் சுரண்டி, தேவைப்பட்டால் டிங்கரிங் செய்து, பிரைமர் அடிக்காமல் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் கதி ஒன்றுதான். துருவை அப்படியே விட்டால் கண்ணாடி மாற்றாத வண்டியிலும் அது வளரத்தான் போகிறது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்கண்ணாடி வண்டியின் கட்டுமானத்துக்கே பலம், ஏர்பேக் விரியும்போது அதைத் தாங்குவது அதுதான் என்று சொல்லி உடனே மாற்றச் சொல்வார்கள். ஸ்விஃப்ட் போல, கண்ணாடியைப் பசையால் கூட்டோடு ஒட்டிய வண்டிகளுக்கு அந்த வாதம் சரி. பீடிங்கில் நிற்கும் கண்ணாடிக்கும், ஏர்பேக்கே இல்லாத வண்டிக்கும் அதைச் சொல்வது பயமுறுத்தல். பழைய வண்டிக்காரரிடம் பார்வையைப் பற்றி மட்டும் பேசினால் போதும். அதேபோல், மாற்றுவது என்று முடிவான பின் பழைய இரும்புக் கடையிலிருந்து அதே மாடல் கண்ணாடியைக் கழற்றி வந்து போடுவதில் லாபம் இல்லை. அதன் மேலும் வேறொருவருடைய இருபது வருஷ வைப்பர் கீறல் இருக்கும். 1993-ல் வந்த திருத்தம் மூன்றாண்டு அவகாசம் கொடுத்துத்தான் முன்கண்ணாடிக்கு லேமினேட்டட் கட்டாயம் என்றது. அதற்கு முந்தைய வண்டியிலிருந்து வந்த கண்ணாடி, அடிபட்டால் மொத்தமாகப் பொடிந்து விழும் டஃபண்ட் ரகமாகவும் இருக்கலாம், அதை ஒட்டவும் முடியாது. ஜீப்புக்குத் தட்டைக் கண்ணாடி, வெட்டிப் போட்டுவிடலாம் என்று சொல்கிற கடையிலும் லேமினேட்டட்தானா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு ஓடப்போவுது" என்பது கடைசித் தடை. 15 வருஷம் முடிந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க, மத்திய அரசின் விதிப்படி 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் கட்டணம். 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் அது 10,000 ஆனது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதைக் கட்டும்போது வண்டி அறுபதாயிரம்தானே என்ற பேச்சு எழுவதில்லை. ஐந்து வருஷம் ஓட்டப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஐந்து வருஷத்தின் இரவுகளுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மறுபக்கம், இந்த வருஷமே கழிக்கப்போகிற வண்டி, பகலில் மட்டும் வயலுக்கும் வீட்டுக்கும் போய்வருவது, விரிசல் ஓட்டுநர் பக்கம் இல்லை, உள் கண்ணாடியும் முழுதாக இருக்கிறது என்றால் பணம் போடாமல் விடலாம், தப்பில்லை. அப்படி விட்டவர் பொழுது சாய்ந்தபின் சாவியை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாற்றுகிறவர்கள் கண்ணாடியை வாங்கிவிட்டு டிங்கரிடம் போகும் வழக்கத்தைத் திருப்பிப்போட வேண்டும். முதலில் பீடிங்கின் கீழ் மூலை இரண்டையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு எவ்வளவு என்று தெரிந்த பின், டிங்கரிங் கூலி தனி, கண்ணாடி விலை தனி, புது பீடிங் தனி என்று மூன்று விலையாகக் கேளுங்கள். பழைய பீடிங்கையே திரும்பப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலையை ஆடிக்கு முன் முடித்தால் பிரைமர் காய வெயில் கிடைக்கும். வைப்பர் ரப்பரையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பழைய ரப்பரோடு ஓட்டினால் புதுக் கண்ணாடியில் முதல் கீறல் அடுத்த தூறலில் விழும்.