அதிகாரம் கரையில், பழி கடலில்

தம்மாம், ஜுபைல், தனாஜிப் துறைகளிலிருந்து சவூதியின் கடல் எண்ணெய் வயல்களுக்குப் போய்வரும் சப்ளை போட்களில், இன்ஜினை ஒட்டிய பேனலில் சின்னதாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'லோக்கல்', மறுபக்கம் 'ரிமோட்'. அதை லோக்கலுக்குத் திருப்பிவிட்டால், மேலே பிரிட்ஜில் நிற்கும் கேப்டன் லீவரை எவ்வளவு தள்ளினாலும் இன்ஜின் கேட்காது. கீழே நிற்கும் இன்ஜினியரின் கைக்குத்தான் கட்டுப்படும்.

இது கப்பல் கட்டியவரின் விருப்பத்தால் வந்த ஏற்பாடு அல்ல. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ், தன் 31ஆம் விதியில் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. இன்ஜினை ஒரு நேரத்தில் ஓரிடத்திலிருந்து மட்டுமே இயக்க வேண்டும். ரிமோட் அமைப்பில் எந்தப் பாகம் கெட்டாலும் இன்ஜினை அருகில் நின்று இயக்க வழி இருக்க வேண்டும். பிரிட்ஜுக்கும் இன்ஜின் ரூமுக்கும் இடையே கட்டுப்பாடு கைமாறுவது இன்ஜின் ரூமிலோ அதன் கன்ட்ரோல் ரூமிலோ மட்டுமே நடக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர் பறித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருப்பவர் கொடுத்தால்தான் உண்டு. இயந்திரத்தால் சாகக்கூடியவர் யாரோ, அவர் கையில் கடைசி முடிவை வைத்த விதி இது.

இப்போது மூன்றாவதாக ஓர் இடம் முளைத்திருக்கிறது: கரை.

2017 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு அப்பால், வடகடலில் மிதந்துகொண்டிருந்த 'ஹைலேண்ட் சீஃப்டன்' என்ற சப்ளை போட்டை, 8,000 கிலோமீட்டர் தள்ளி அமெரிக்காவின் சான் டியாகோவில் ஓர் அறையில் உட்கார்ந்து வார்ட்சிலா நிறுவனத்தார் சில மணி நேரம் இயக்கிக் காட்டினார்கள். நடுவில் இருந்தது சாதாரண சாட்டிலைட் இணைப்புதான். தம்மாம் கடலில் ஓடுவதும் இதே வகைப் படகுகளே. 2025 மே மாதம் ரியாதில் நடந்த முதலீட்டு மாநாட்டில், கடலிலும் விமானத்திலும் ஸ்டார்லிங்க் சேவைக்குச் சவூதி அனுமதி கொடுத்துவிட்டதாக ஈலான் மஸ்க் அறிவித்தார். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்ற தடையும் இனி நிற்காது.

முழுப் படகையும் கரையிலிருந்து ஓட்டுவது இன்னும் பரவவில்லை. படகின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கரையோடு கட்டப்படுவது பரவிவிட்டது. டீசல் எவ்வளவு குடிக்கிறது என்று ஃப்ளோ மீட்டர் நொடிக்கு நொடி எழுதி, படகை வாடகைக்கு எடுத்த நிறுவனத்தின் திரைக்கு அனுப்புகிறது. இன்ஜின் தயாரித்தவர் அதன் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தன் நாட்டிலிருந்து பார்க்கிறார். சின்ன உல்லாசப் படகுகளில் இது இன்னும் எளிது. கார்களுக்காக 1980களில் போஷ் உருவாக்கிய கேன் பஸ் இணைப்பின் வழியில் வந்த ஒரே கேபிள் படகின் நீளத்துக்கும் ஓடுகிறது. பில்ஜ் பம்ப், விளக்கு, பேட்டரி, ஏசி எல்லாம் அதில் தொற்றிக்கொள்கின்றன. அல்கோபரில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே செல்பேசியில் தொட்டு, மரீனாவில் நிற்கும் படகின் ஏசியை முடுக்கிவிடலாம். கோடையில் நிழலிலேயே 45 டிகிரி தாண்டும் ஊரில் இதைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தூரத்திலிருந்து படகைப் பார்க்க முடிவது நல்லது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, இரயுமன்துறை மீனவர்கள் விஎச்எஃப் ரேடியோ எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பேச்சு வேகம் பிடித்தது. ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் அதைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். அந்தக் கருவியில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: கரை படகோடு பேசலாம், படகும் கரையோடு பேசலாம். ஆபத்து என்று சொல்லும் பொத்தான் படகில் இருப்பவரிடம் இருக்கிறது.

வளைகுடாவில் வரும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இப்படி இருவழியாக இல்லை. பார்ப்பதும் சொல்வதும் கரை. பார்க்கப்படுவதும் கேட்பதும் படகு. அதோடு இங்கே தொழிலாளியின் நிலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். படகு ஒருவருடையது, வாடகைக்கு எடுத்தவர் இன்னொருவர், தங்கும் அனுமதியான இகாமா, பொறுப்பேற்ற முதலாளியான கஃபீலின் கையில், வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் சென்னையிலோ மும்பையிலோ. இத்தனை பேருக்கும் கீழே ஆயிலராகவும் டெக்கில் கயிறு பிடிப்பவராகவும் மீன்பிடி லாஞ்சில் வலை இழுப்பவராகவும் நம் ஆட்கள். கரையிலிருந்து வரும் கட்டளை தப்பு என்று தெரிந்தாலும், முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

சட்டம் காப்பாற்றும் என்றால், அது எந்த அளவுப் படகிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தன் 7ஆம் பிரிவில் சிலரைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. வீட்டுப் பணியாளர்களோடு அந்த வரிசையில் நிற்பவர்கள், 500 டன்னுக்குக் குறைவான கலங்களில் வேலை செய்யும் கடல் தொழிலாளர்கள். நான் முதலில் சொன்ன சோலாஸ் இன்ஜின் விதியும் சரக்குக் கலங்களில் 500 டன்னுக்கு மேற்பட்டு வெளிநாடு செல்பவற்றுக்கே சட்டப்படி பொருந்தும். மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. விபத்துக்குப் பின் உண்மையைச் சொல்லும் கறுப்புப் பெட்டி, அதாவது பயணத் தரவுப் பதிவுக் கருவி, சரக்குக் கலங்களில் 3,000 டன்னிலிருந்துதான் கட்டாயம். தம்மாம் பக்கம் ஓடும் சப்ளை போட், க்ரூ போட்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அளவுக்கும் கீழே. கரையிலிருந்து ஒரு கட்டளை வந்து, அதனால் பம்ப் நின்று, படகு ரிக் மேல் மோதினால், கட்டளை வந்தது என்பதற்குப் படகில் சாட்சி இருக்க வேண்டிய கட்டாயம் இந்தச் சட்டங்கள் எதிலும் இல்லை. கட்டளையின் பதிவு கரையில் இருக்கும் சர்வரில் இருக்கும். அந்த சர்வர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலில் தப்பு நடந்தால் முதலில் பிடிபடுவது யார் என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். 2024 செப்டம்பரில் திருநெல்வேலி மாவட்டம் இடிந்தகரையைச் சேர்ந்த 28 மீனவர்களை, எல்லை தாண்டியதாக பஹ்ரைன் கடலோரக் காவல் படை கைது செய்தது. ஈரானில் கூலிக்கு மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டு, பிறகு அது மூன்று மாதமாகக் குறைந்து, டிசம்பரில் ஊர் திரும்பினார்கள். இந்தக் கடலில் எல்லைகள் நெருக்கம். தம்மாமை அடுத்த அல்கோபரிலிருந்து பஹ்ரைனுக்குக் கடல்மேல் 25 கிலோமீட்டர் பாலமே போட்டுவிட்டார்கள். எங்கே வலை போடுவது என்பதில் படகு முதலாளிக்குப் பங்கு உண்டு, மீன் விற்ற காசிலும் பங்கு உண்டு. சிறையில் மட்டும் இல்லை. நாளைக்கு முதலாளி கரையிலிருந்தே படகைத் திருப்பினாலும், ரோந்துப் படகு வந்து விலங்கு போடுவது உள்ளே நிற்பவர் கையில்தான்.

ஆள் படகில் இருப்பதால் என்ன பயன், இயந்திரமே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் பால்டிமோரை நினைத்துப்பார்க்க வேண்டும். 2024 மார்ச் 26 அதிகாலையில் 'டாலி' என்ற 300 மீட்டர் கன்டெய்னர் கப்பல் மின்சாரம் போய், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தில் சாலைப் பணியில் இருந்த ஆறு பேர் இறந்தார்கள். கப்பலின் பணியாளர்கள் இந்தியர்கள், ஓர் இலங்கையர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நீண்ட விசாரணைக்குப் பின் கண்டுபிடித்த தொடக்கக் காரணம், சரியாகச் சொருகப்படாமல் தளர்ந்திருந்த ஒரே ஒரு சிக்னல் வயர். வயரின் மேல் மாட்டிய பெயர்ப்பட்டை இடம் தவறி உட்கார்ந்திருந்ததால் அது கனெக்டருக்குள் முழுதாகப் போகவில்லை. முதல் முறை மின்சாரம் போனதும் பணியாளர்கள் பிரேக்கரைக் கையால் ஏற்றி மீட்டார்கள். இரண்டாம் முறை போனதற்குக் காரணம், ஜெனரேட்டருக்கு எரிபொருள் தள்ள, தானாக மறுபடி ஓடத் தெரியாத ஒரு பம்பைப் பயன்படுத்தியிருந்தது. கப்பலை நிர்வகித்த நிறுவனத்தின் மேற்பார்வைக் குறையையும் வாரியம் சுட்டிக்காட்டியது. ஆனால் விபத்து நடந்த சில வாரங்களில் விசாரணை அதிகாரிகள் எடுத்துக்கொண்டது பணியாளர்களின் செல்பேசிகளை. மாதக்கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் கப்பலிலேயே கிடந்தவர்களும் அவர்கள்தான்.

அந்தக் கப்பலின் பேனல்கள் கரையோடு கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரையில் உள்ள திரைக்கு மின்சாரம் இல்லை என்ற செய்தி போயிருக்கும், அதுவும் இணைப்பு உயிரோடு இருந்திருந்தால். தளர்ந்த வயர் திரையில் தெரியாது. வளைகுடாக் கடலில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. கோடையில் கடல்நீரே 35 டிகிரி. உப்பு பெரும்பாலான கடல்களைவிட அதிகம். சென்சாரில் உப்பும் பாசியும் படியும், கூலிங் குழாயில் ஜெல்லி மீன் அடைக்கும். புகைபோக்கி வழியாக வெளியே வரும் தண்ணீர் குறைவதைக் கண்ணாலும், பெல்ட் கருகுவதை மூக்காலும், ஷாஃப்ட் உதறுவதைக் காலடித் தகட்டாலும் அறிகிற ஆயிலர் சென்சாருக்கு முன்பே எழுந்து ஓடுவார்.

இணைப்பையும் முழுதாக நம்ப முடியாது. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் போர் நடந்த நாட்களில் இந்தப் பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கப்பல்களின் ஜிபிஎஸ் குழம்பியது. கடலில் போய்க்கொண்டிருந்த 'ஃப்ரன்ட் ஈகிள்' எண்ணெய்க் கப்பல் ஈரானின் நிலத்தில் நிற்பதாகக் காட்டியது. ஜூன் 17 அன்று அதுவும் 'அடலின்' என்ற கப்பலும் கோர்ஃபக்கானுக்கு அப்பால் மோதிக்கொண்டன. அந்த மோதலுக்கு வழிகாட்டுதலில் நேர்ந்த தவறான கணிப்பே காரணம் என்று அமீரகம் சொன்னது. அது எப்படியிருந்தாலும், ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க முடிந்தவர்களுக்கு இந்த நிலை. திரை மட்டுமே கடலாக இருப்பவர் என்ன செய்வார்?

இன்னொன்று, திருடப்பட்ட கட்டுப்பாடு. 2017இல் சவூதியின் பெட்ரோ கெமிக்கல் ஆலை ஒன்றில் டிரைட்டன் என்ற தீய நிரல் நுழைந்தது. ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்துவதற்கென்றே இருந்த பாதுகாப்புக் கருவியைத்தான் அது குறிவைத்தது. ஆலை தானே நின்றுபோனதால்தான் நுழைந்தது வெளியே தெரிந்தது. கப்பல்களைத் தரம் பார்த்து வகைப்படுத்தும் சங்கங்கள் அவற்றுக்கான இணையப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் அந்த விதிகள் 2024 ஜூலை முதல் ஒப்பந்தமான புதுக் கப்பல்களுக்கு. தம்மாமில் நிற்கும் பழைய படகில் நேற்று மாட்டிய ரூட்டருக்கு யார் பொறுப்பு?

உலகக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ, தானியங்கி மற்றும் தொலைவிலிருந்து இயக்கும் கப்பல்களுக்கான விதித்தொகுப்பைப் பல ஆண்டுகளாக உருவாக்கிவருகிறது. முதலில் விருப்பத்தின் பேரில், பிறகு 2032 ஜனவரி முதல் கட்டாயம் என்பது திட்டம். எந்த வகைக் கப்பலானாலும் அதற்கு மனிதராக ஒரு மாஸ்டர் இருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அது பெரிய ஆறுதல். அந்த மாஸ்டர் கப்பலில் இல்லாமலும் இருக்கலாம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒருவரே பல கப்பல்களுக்கு மாஸ்டராகவும் இருக்கலாம் என்ற பேச்சுதான் என்னை உறுத்துகிறது. மாஸ்டர் கரையில், ஆயிலர் கடலில் என்ற கலப்புப் படகுகள்தான் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஓடப்போகின்றன. ஆளே இல்லாத படகைவிட இந்தப் பாதி ஆள் படகுதான் தொழிலாளிக்கு ஆபத்து.

ஐஎம்ஓ பேரவையில் இந்தியா நெடுங்காலமாக உறுப்பு நாடு. உலகக் கப்பல்களுக்கு மிக அதிகம் ஆள் அனுப்பும் நாடுகளில் ஒன்று. அங்கே இந்தியா எழுந்து கேட்க வேண்டியது, பழைய 31ஆம் விதியைக் கரைவரை நீட்டுவதைத்தான். படகில் மனிதர் இருக்கும்வரை, கரைக்குக் கட்டுப்பாட்டைக் கொடுப்பதும் திரும்ப எடுப்பதும் படகிலிருந்தே நடக்க வேண்டும். கரையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டளையும், அனுப்பியவர் அடையாளத்தோடும் நேரத்தோடும், படகிலேயே அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும், 300 டன் படகானாலும். கட்டளையிட்டவர் கப்பல் சிப்பந்தியைப் போலவே தகுதிச் சான்று பெற்றவராகவும், விபத்து நடந்த நாட்டின் விசாரணைக்கு வர வேண்டியவராகவும் இருக்க வேண்டும்.

ஐஎம்ஓ முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து கடல் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றே நடக்க வேண்டும். அந்த உரிமத்தின் கீழ் போடப்படும் வேலை ஒப்பந்தத்தில், படகின் எந்தெந்தக் கருவிகளைக் கரையிலிருந்து இயக்க முடியும் என்ற பட்டியலையும், லோக்கல் ஸ்விட்சைத் திருப்பியதற்காக யாரையும் வேலையிலிருந்து அனுப்பக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்ல இயக்குநரகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். மீனவர்கள் இந்த உரிம ஏற்பாட்டுக்குள்ளும் வருவதில்லை. அவர்களுக்காக ரியாதிலுள்ள இந்தியத் தூதரகத்தோடு பேச வேண்டியது, அயலகத் தமிழருக்கென்று தனி வாரியமே வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு.