மிலான் ராம்ப்பும் ராஜாவூர் தெருவும்

2025 ஜூன் 22 அன்று மிலான் ஃபேஷன் வீக்கில் பிராடா நிறுவனம் ஆண்களுக்கான புதிய ஆடை வரிசையைக் காட்டியது. ராம்ப்பில் நடந்த மாடல்களின் காலில், பார்த்த மாத்திரத்தில் கோலாப்பூர் செருப்பு என்று யாரும் சொல்லிவிடக்கூடிய செருப்பு. நிறுவனம் அதைக் கோலாப்பூர் என்று சொல்லவில்லை, இந்தியா என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் ‘தோல் செருப்பு’. தலைமுறை தலைமுறையாக அதைத் தைத்துவந்தவர்களின் பெயர் அந்த அரங்கில் உச்சரிக்கப்படவே இல்லை.

அடுத்த சில நாட்களில் இங்கே கொந்தளித்தார்கள். ‘நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள்’ என்று அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், வடிவமைப்பாளர்கள், இன்ஸ்டாகிராம் தேசபக்தர்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்குப் பிராடாவைவிட இந்த ‘நம்’ மீதுதான் கோபம். யார் இந்த நாம்? செத்த மாட்டை உரிக்கவும், தோலைப் பதப்படுத்தவும், செருப்பு தைக்கவும் சில சாதிகளை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த சமூகம், அந்தத் தோலில் வெளிநாட்டுக்காரன் கை வைத்ததும் ‘எங்கள் பாரம்பரியம்’ என்கிறது. தொட்டால் தீட்டு, திருடினால் மட்டும் பாரம்பரியமா?

2019-இல் கோலாப்பூர் செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்கள், கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்கள். ஊர்ப்பெயர் உண்டு, சாதிப்பெயர் இல்லை. 1902-லேயே இடஒதுக்கீடு கொடுத்த சாகு மகராஜின் கோலாப்பூர் அது என்பதைக்கூட எந்த ஃபேஷன் பத்திரிகையும் நினைவூட்டவில்லை. ஆனால் 2025 டிசம்பரில் பிராடா சமாதானமாகி, 800 யூரோ விலையில், அதாவது எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல், செருப்பு விற்க ஒப்பந்தம் போட வந்தபோது எதிரில் உட்கார்ந்தது யார்? ஒன்று சந்த் ரோஹிதாஸ் தோல் தொழில் மற்றும் சர்மகார் வளர்ச்சிக் கழகம். இன்னொன்று டாக்டர் பாபு ஜகஜீவன்ராம் பெயரிலான தோல் தொழில் வளர்ச்சிக் கழகம். பெயர்ப்பலகையே எந்தச் சாதியின் உழைப்பு என்று சொல்லிவிடுகிறது. மறைப்பதற்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. அந்தச் சொல்தான் ‘கைவினை’. கையை மேடையேற்றுவார்கள். கைக்குச் சொந்தக்காரரை ஏற்ற மாட்டார்கள்.

மராட்டியக் கதை நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு, கொங்கு மண்ணின் கதையும் இதுதான். மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் இந்தக் காடுகளுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்தது கவலை ஏற்றத்தில். அதற்குத் தோல் பறி தைத்தவர்கள் அருந்ததியர்கள். பண்ணையக்காரருக்குச் செருப்பு தைத்தவர்களும் அவர்களே. கூலி, களத்தில் அளந்துபோட்ட தானியம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு மோட்டார் பரவ, பறிக்கு வேலை இல்லாமல் போனது. தொழில் போயிற்று, தீட்டு போகவில்லை. செருப்பைத் தைத்துக் கொடுத்தவர், ஊர்த் தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தாத்தா காலத்துக் கதை என்று நினைப்பவர்கள் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூருக்கு ஒருமுறை போய் வரலாம்.

ராஜாவூரில் கம்பள நாயக்கன் தெரு என்று ஒரு தெரு. தலித் மக்கள் அதில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது. அடித்து மிரட்டியது போதாதென்று ஒரு கதையும் கட்டியிருந்தார்கள்: தெருவுக்கு அடியில் மாந்திரீகப் பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு நடக்கும் தலித் மூன்று மாதத்தில் செத்துப்போவார். 2023 டிசம்பரில் சுமார் 60 பேர், தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு, காலில் செருப்போடு அந்தத் தெருவில் முதன்முறையாக நடந்தார்கள். உலகமே மிலான் ராம்ப்பைப் பார்ப்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், கருமத்தம்பட்டியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நடந்த ராம்ப் வாக் இது. செருப்பு மாட்டி நடப்பதற்கே போராட வேண்டிய மேடை வேறு எந்த ஃபேஷன் வீக்கில் இருக்கிறது?

ஆடையும் அப்படித்தான். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அரசு அதிகாரி ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தலித் ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. செருப்பு, குடை கூடாது. ஆடைக்கு எழுதப்பட்ட சட்டம் இது. 2012-இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்த சூட்டோடு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசியபோது, அதே சட்டத்துக்குப் புதிய பட்டியல் வந்தது, அவ்வளவுதான். கொங்குச் சாதிச் சங்கங்கள் அந்தக் கூட்டில் கைகோத்தன. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும், மனைவியோடு துணி எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான்.

அதனால் ஃபேஷன் என்றாலே ‘பூர்ஷ்வா பொழுதுபோக்கு’ என்று முகம் சுளிக்கும் இடதுசாரி நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கதர் ஜிப்பாவில் எளிமையாக இருப்பது, எதை உடுத்தினாலும் மதிப்புக் கிடைக்கும் சாதிக்காரர்களுக்குச் சுலபம். 1927 டிசம்பரில் மகாத்தில் அம்பேத்கர் பெண்களிடம் பேசும்போது, தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டாதீர்கள், அந்த அடையாள நகைகளைக் கழற்றுங்கள் என்றார். பெண்கள் உடனே மாற்றிக் கட்டினார்கள். அவர் கடைசிவரை கோட்டும் சூட்டும் போட்டதை ‘மேற்கத்திய மோகம்’ என்பவர்கள், அந்த கோட்டு யார் யார் போட்ட தடைக்கு எதிராகத் தைக்கப்பட்டது என்பதை யோசித்ததில்லை.

போன ஆண்டு முதன்முறையாக ஒரு ஃபேஷன் ஷோவுக்குப் போனேன். மும்பைக்கோ டெல்லிக்கோ அல்ல. கோவையில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி நடத்தியது. தெரிந்த பெண் ஒருத்தி இறுதியாண்டு படிக்கிறாள். ‘அக்கா, கண்டிப்பா வரணும்’ என்றாள். முதல் வரிசையில் ஆலை அதிபர்கள், கடை முதலாளிகள், இரண்டு சின்னத்திரை முகங்கள். தொகுப்பாளர் ஆங்கிலத்தில் ‘கொங்கு நாட்டின் கைத்தறி ஆன்மா’ என்று சொன்ன துணி, எங்கள் ஊர்ப்பக்க விசைத்தறியில் ஓடும் காடா என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சாயம் ஏற்றி, ஓரம் பிரித்துவிட்டால் ஆன்மா வந்துவிடும் போலிருக்கிறது. அந்தப் பெண் வடிவமைத்த ஆறு உடைகள் மேடையில் நடந்து முடிய நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. உடைகள் அழகாகவே இருந்தன, அதில் சந்தேகமில்லை. அவள் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர், இருபது வருடமாக. ‘அம்மா வரலையா?’ என்று கேட்டேன். ‘ஆளுக்கு ஒரு பாஸ்தான் கொடுத்தாங்கக்கா. அதோட அம்மா, என்னைப் பாத்து எல்லாரும் என்ன சாதின்னு கேப்பாங்க, நீ நல்லா இருக்கறப்ப எதுக்குன்னு சொல்லிட்டாங்க.’

அந்தப் பெண்ணின் ஆசையில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவள் மிலானுக்கே போகட்டும். என் கேள்வி அந்தப் பாஸ் கணக்கைப் பற்றியது. இந்தியாவில் ஃபேஷன் வீக் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. மேடையில் மாநிறத்துக்கு இடம் வந்தது, பருமனுக்கு இடம் வந்தது, திருநங்கையருக்கு இடம் வந்தது. எல்லாம் நல்லதே. சாதி என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் பாஸ் கிடைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் இருப்பது வேறு உலகம். கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் பாவும் ஊடையும் கொடுப்பவர் ஜவுளி உற்பத்தியாளர், நெய்து கொடுப்பவர் கூலித் தறிக்காரர், அவருக்கும் கீழே பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்பவர் தறித் தொழிலாளி. கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. துணிக்கும் முன்னால் நூல். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தென்மாவட்ட வறண்ட ஊர்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை, பெருமளவு தலித் பெண்களை, விடுதியில் அடைத்து மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியக் குழுவும் 2011-லும் 2014-லும் அறிக்கை வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பியக் கடைகள் திடுக்கிட்டன. வரதட்சணையையும் சாதியையும் சேர்த்து நூற்ற நூல் அது. ராம்ப்பில் அது ‘இயற்கைப் பருத்தி’.

எச் அண்ட் எம் நிறுவனத்துக்கு ஆடை தைத்த திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் வேலைசெய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அழுதுவிட்டு அடங்கிப்போகாமல், தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஓராண்டுக்கும் மேல் போராடியது. 2022 ஏப்ரலில் திருப்பூர் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அதில் பெயர் சொல்லி எழுத வைத்தார்கள். மீறினால் ஆர்டரில் கைவைக்கும் கடமை பிராண்டுக்கு உண்டு. தைப்பவர்களில் இருந்தே கண்காணிப்பாளர்கள். சர்வதேச ஃபேஷன் உலகத்தை ‘சாதி’ என்று எழுத வைத்தவர்கள் எந்த வடிவமைப்பாளரும் அல்ல. வேடசந்தூர்ப் பக்கத்து மெஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்கள்.

இந்த ஒப்பந்தம் ஏன் ஒரு குழுமத்தோடு நிற்கிறது? திருப்பூரிலும் கோவையிலும் மற்ற ஏற்றுமதி ஆலைகள் ஏன் கையெழுத்துப் போடவில்லை? ‘தமிழ்நாடு ஜவுளித் தலைநகர்’ என்று பேனர் கட்டும் அரசு இதைக் கேட்டிருக்கிறதா? பிராடாவின் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான்: எண்பதாயிரத்தில் தைப்பவருக்கு எவ்வளவு? தோல் பதனிடுபவருக்கு எவ்வளவு? அதை யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

முதன்முறை ஃபேஷன் வீக் பார்த்துவிட்டு வந்து பரவசத்தோடு பதிவு போடும் நம் தோழர்களுக்கும், கோவையின் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஷோவின் அட்டையில் வடிவமைப்பாளர் பெயருக்குக் கீழே, துணி எந்த ஊர்த் தறியில் ஓடியது, மீட்டருக்குத் தறிக்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், உடைக்குத் தையல் கூலி எவ்வளவு என்று அச்சடியுங்கள். தைத்தவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இரண்டாவது பாஸ் கொடுங்கள். அவர் ஷிப்ட் முடிந்து வர எட்டு மணி ஆகும், ஷோவை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.