விடுதிக் கேட்டைப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது

கல்லூரி விடுதிகளிலும் மில் விடுதிகளிலும் பெண்களுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

2025 நவம்பர் 2-ஆம் தேதி இரவு கோவை விமான நிலையம் அருகே ஒரு கல்லூரி மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து விடுதிகள் சிலவற்றில் விதிகள் இறுகியிருக்கின்றன. கேட் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டப்படுகிறது. இரவானால் கைபேசியை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி சில இடங்களில் புதிதாகவும் சில இடங்களில் மறுபடியும் வந்திருக்கிறது. இதில் சங்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். செயற்குழு கூடி, கருத்து வேறுபாடுகளையும் பதிவு செய்து, இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது.

நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெண்களை அடைத்துவைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவதை ஏற்கமாட்டோம். கைபேசியை வாங்கிவைக்கும் விதி உடனே நீங்க வேண்டும். கேட் நேரம் என்று ஒன்று இருந்தால் அது ஆண், பெண் இரு விடுதிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். சட்டப்படி அமைய வேண்டிய புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு மில்லிலும் உண்மையாகவே இயங்க வேண்டும்.

1. கைபேசி

மற்ற எதையும்விட இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நம் ஊர் நீதிமன்றத்துக் கட்டுகளிலேயே இருக்கிறது.

2018 மார்ச்சில், அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியின் உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி தன் மாணவிகளிடம் போனில் பேசினார். பல்கலைக்கழகத்தின் மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் வரும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். பேச்சு பதிவாகியிருந்தது. ஏப்ரலில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஏப்ரல் 16-ஆம் தேதி அவர் கைதானார். ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் ஓய்வுபெற்ற அதிகாரி ஆர். சந்தானம் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்; குற்ற வழக்கைச் சிபிசிஐடி நடத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் 2024 ஏப்ரல் 29 அன்று அவரைக் குற்றவாளி என்று அறிவித்து, மறுநாள் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டார்கள். யாருக்காக அந்தப் பேச்சு பேசப்பட்டது என்ற கேள்வி இந்தத் தீர்ப்போடு தீர்ந்துவிட்டதாக நாங்கள் கருதவில்லை.

இப்போது கைபேசியைப் பறிக்கும் நிர்வாகங்களிடம் கேட்கிறோம். அந்த மாணவிகளிடம் போன் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பக்கம் பல ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியை. மறுபக்கம் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு அவர் கையையே எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள். யார் சொல் எடுபட்டிருக்கும்? "டீச்சர் மேல வீண்பழி போடாதே" என்று பெற்றோரே அடக்கியிருக்க மாட்டார்களா? அந்தப் பெண்கள் சொன்னதை உலகம் நம்பியதற்குக் காரணம் அந்த ஒலிப்பதிவு. இவ்வளவு நடந்த மாவட்டத்திலேயே, எல்லோருடைய போனும் ராத்திரியில் வார்டன் அறை அலமாரியில் இருக்க வேண்டும் என்று விதி போடுகிறார்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அருப்புக்கோட்டையில் வெளியாள் யாரும் கேட் ஏறிக் குதித்து வரவில்லை. மாணவிகளும் ராத்திரியில் ஊர் சுற்றப் போகவில்லை. ஆபத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் இடத்தில் இருந்தது. கேட்டை ஆறு மணிக்குப் பூட்டினாலும் நாலு மணிக்கே பூட்டினாலும் அந்த ஆபத்து உள்ளேதான் இருந்திருக்கும்.

செயற்குழுவில் பெற்றோர் உறுப்பினர்கள் பொள்ளாச்சிப் பாலியல் வழக்கைச் சுட்டிக்காட்டினார்கள். குற்றவாளிகள் போனில்தான் பழகினார்கள், போனில்தான் படம் எடுத்தார்கள், அதை வைத்துத்தான் மிரட்டினார்கள் என்றார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதைச் சங்கம் மதிக்கிறது. ஆனால் அந்த வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைக்க மின்னணுச் சாட்சியங்கள் பெரிதும் உதவின. பாதிக்கப்பட்ட பெண்கள் யாரும் பிறழ்சாட்சி ஆகாமல் உறுதியாக நின்றார்கள். மிரட்டும் படத்துக்கு எதிராக எங்கே, எப்படிப் புகார் தருவது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். போனை வாங்கி வைப்பது அவளைச் சாட்சி இல்லாதவளாக ஆக்கும்.

கேரளத்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் கைபேசித் தடையை ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று கூறி, அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் நிர்வாகங்கள் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

2. கேட் நேரம்

இதில் செயற்குழு ஒருமனதாக இல்லை. நேர வரம்பே கூடாது என்று இளைய உறுப்பினர்கள் வாதிட்டார்கள். இருந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் பலர் சொன்னார்கள். இறுதியில் எல்லோரும் ஏற்ற வாசகம் இது: நேர வரம்பு தேவைப்படும் இடங்களில், இப்போதைய சூழலில், அது இருபாலருக்கும் பொதுவாகவும் விடுதி மாணவர் பிரதிநிதிகளைக் கலந்தும் தீர்மானிக்கப்பட வேண்டும்.

இந்த வாசகம் மெலிந்தது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சட்டத்தின் நிலை மெலிந்தது அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர்களுக்கு இல்லாத விதிகளை மாணவிகளுக்கு மட்டும் விடுதியில் போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பாதுகாப்பு ஏற்பாடு என்பது வேவு பார்ப்பதாகவும் நடமாட்டத்தை முடக்குவதாகவும் மாறக் கூடாது என்றும் சொல்கின்றன. ஒன்பது மணி வரை நூலகம் திறந்திருக்க, ஆறு மணிக்கே பெண்கள் மட்டும் எழுந்து போக வேண்டும் என்றால் அது இந்த ஒழுங்குமுறைக்கு முரண்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மதுரையில் நேர்காணல் முடித்து, திருமங்கலத்தில் பஸ் மாட்டிக்கொண்டு, பத்து நிமிடம் தாமதமாக வந்த பெண்ணைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துகிறார்கள். பதிவேட்டில் 'வந்த நேரம்' என்ற கட்டத்தைச் சிவப்பு மையில் சுழிக்கிறார்கள். வீட்டுக்குப் போன் போட்டு, "உங்க புள்ள இவ்வளவு நேரம் எங்க போச்சுன்னு கேளுங்க" என்கிறார்கள். இருட்டில் ரோட்டில் நிற்பது அவளுக்குப் பாதுகாப்பா? அடுத்த வாரம் நேர்காணலுக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டால் அந்த வேலை யாருக்குப் போகும்?

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு மாணவி தாக்கப்பட்டது வளாகச் சுவருக்கு உள்ளே. சம்பந்தமில்லாத ஓர் ஆள் தாராளமாக உள்ளே நடமாடினான். அவனைத் தடுக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை. கோவைக் கொடுமை வெளியே நடந்தது. அங்கும் "பதினொரு மணிக்கு அங்கே என்ன வேலை" என்ற கேள்வி பெண்ணை நோக்கியே வீசப்பட்டது. இந்தக் கேள்வியைச் சங்கம் முற்றாக நிராகரிக்கிறது. குற்றத்துக்குப் பொறுப்பு குற்றம் செய்தவனே.

3. பெயர் கசிதல்

புகார் தரத் தயங்கும் பெண்ணிடம் ஏன் என்று கேட்டால் முதலில் வரும் பதில், "பேரு வெளிய தெரிஞ்சுரும்." அவள் அஞ்சுவதில் தவறில்லை. பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியானதற்காக 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் வெளியாகி, அதே 25 லட்சத்தை இடைக்கால இழப்பீடாகத் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் பாடத்தைக் கற்றிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது. காவல்துறைக்கு இதைக் கடுமையாகவே சொல்கிறோம்.

4. மில் விடுதிகள்

கல்லூரிக்குப் போக முடியாத பெண்கள் நூற்பாலை விடுதிகளில் இருக்கிறார்கள். 'கேம்ப் கூலி' என்றும் 'சுமங்கலித் திட்டம்' என்றும் அழைக்கப்பட்ட முறையின் வரலாறு இந்த ஊருக்குப் புதிதல்ல. மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம், அதுவரை விடுதி, ஷிப்ட், மறுபடி விடுதி. அங்கேயும் மேற்பார்வையாளரே அதிகாரம் உள்ளவர். ஷிப்டும் லீவும் அவர் கையில். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் வழிகாட்டியாக இருக்கிறது. பெண் தொழிலாளர்களுக்கே பயிற்சி தந்து, தளத்திலேயே கண்காணிக்கவும் புகாரை எடுத்துச் செல்லவும் அது வழி செய்தது. இராஜபாளையம் மில்களிலும் சத்திரப்பட்டி தறிக்கூடங்களிலும் அப்படி ஒரு ஏற்பாட்டை, கொள்கை அளவில், நிர்வாகங்கள் பரிசீலிக்க வேண்டும். சிறு தறிக்கூடங்கள் பற்றி வேறு கருத்தும் குழுவில் இருந்தது. அது பின்னர் பேசப்படும்.

5. புகார்க் குழு

2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் அலுவலர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. மாணவர் தொடர்பான புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும் என்றும், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் உறுப்பினர் ஆகக் கூடாது என்றும் மானியக் குழு விதி சொல்கிறது.

நோட்டீஸ் போர்டில் என்ன இருக்கிறது? ஓய்வுபெற்றுப் போன பேராசிரியையின் பெயர், இணைப்பில் இல்லாத எண், காலியாக விட்ட 'வெளி உறுப்பினர்' கட்டம். இதை நம்பி ஒரு பெண் எங்கே போவாள்? கேட்டுக்கு வாட்ச்மேன் போடப் பணம் இருக்கிறது. குழுவுக்குப் பயிற்சி தரப் பணம் இல்லை என்கிறார்கள். இது எங்களைக் கொதிக்க வைக்கிறது.

6. மற்றவை

தெருவிளக்கு, பஸ் வசதி, சிசிடிவி ஆகியவை தேவை. கேமரா விடுதிக்குள் தேவையில்லை. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்திய 2025-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்திருத்தத்தை வரவேற்கிறோம். வழக்குகள் விரைந்து முடிவது அதைவிட முக்கியம்: அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு வந்தது, அருப்புக்கோட்டை மாணவிகள் ஆறு ஆண்டு காத்திருந்தார்கள்.

எங்கள் கோரிக்கைகள்

கல்லூரி, மில் நிர்வாகங்கள் கைபேசியை வாங்கிவைக்கும் விதியை உடனே நீக்க வேண்டும்.

புகார்க் குழு உறுப்பினர்கள் பெயர், தொடர்பு எண், வெளி உறுப்பினர் விவரம், அரசின் மகளிர் உதவி எண் 181 ஆகியவற்றைத் தமிழில், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலும் மில் வாசலிலும் ஒட்ட வேண்டும்.

குழு இல்லாத நிறுவனங்கள்மீது மாவட்ட ஆட்சியர் சட்டப்படி அபராத நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்.

புகார் தந்த மாணவியின் இன்டர்னல் மதிப்பெண்ணை, புகாருக்கு உள்ளான ஆசிரியர் போடக் கூடாது; தொழிலாளியின் ஷிப்டை, புகாருக்கு உள்ளான மேற்பார்வையாளர் தீர்மானிக்கக் கூடாது.

இந்த அறிக்கை வட்டாரத்திலுள்ள கல்லூரி முதல்வர்களுக்கும் மில் நிர்வாகங்களுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பப்படுகிறது. வரும் பதில்களை அடுத்த பொதுக்குழுவில் முழுமையாக வாசிப்போம். பதில் தராத நிறுவனங்களின் பட்டியலும் அங்கே வாசிக்கப்படும். இடைப்பட்ட காலத்தில் எந்த விடுதிப் பெண்ணும் புகார் எழுத உதவி கேட்டால், அவள் பெயரைக் காத்து, ஆட்சியர் அலுவலகம் வரை உடன் வருவது இந்தச் சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் கடமை.

— செயற்குழு