தப்பித்து வந்ததை வீட்டில் சொல்லலாமா?

மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பெருநாள் காலம் வந்தால் இந்த எண்ணிக்கை நாளேடுகளில் இடம்பெறும், பிறகு மறந்துபோகும். எந்தக் கணக்கிலும் சேராதவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். லாரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே மயிரிழையில் தப்பி, விழுந்த மோட்டாரை நிமிர்த்தி, சட்டையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றிப் போலீசுக்குத் தெரியாது. பல வீடுகளில் மனைவிக்கும் தெரியாது.

கேமரன் மலையில் இப்படித் தப்பித்தவர்கள் ஏராளம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை வளைவுக்கு மேல் வளைவாகச் செல்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் சாலை அகலமானது, ஆனால் அகலமே வேகத்தைக் கூட்டிவிடுகிறது. 20.12.2010 அன்று தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் வந்த பேருந்து அந்தச் சாலையில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் மாண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. கப்சாய் சறுக்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடியற்காலை மூடுபனி, காய்கறி லாரிகளின் சக்கரங்கள் தோட்டத்திலிருந்து இழுத்து வந்து போடும் களிமண், வளைவில் சிந்திய டீசல், வார இறுதியில் மலைச்சாலை பழக்கமில்லாமல் கார் ஓட்டி வரும் வெளியூர்க்காரர்கள் என்று ஆபத்துக்குப் பல வடிவங்கள். சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் சாலையோ ஒரு கார் வந்தாலே மோட்டார் ஓரம் கட்ட வேண்டிய அளவுக்குக் குறுகல்.

ஒரு காலத்தில் லயத்திலிருந்து பெரட்டுக்கும் மலைக்கும் நடந்தே போனார்கள். இன்று தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டே பிரிஞ்சாங் ஹோட்டலுக்கும் தானா ராத்தா கடைக்கும் வேலைக்குப் போகும் இளையவர்கள் பலர். நினைத்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. தினமும் கார் ஓட்டச் சம்பளம் கட்டாது. எனவே மோட்டார்தான்.

வீட்டில் சொல்லாமல் இருப்பதற்கு அவர்கள் காட்டும் காரணங்களை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. "சொன்னா பயந்துடுவா" என்பது முதல் காரணம். நாளைக்கும் அதே சாலையில்தான் போக வேண்டும், மாற்று வழி இல்லை. அப்படியிருக்க, மனைவியின் கையில் ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டுப் போவதால் யாருக்கு லாபம்? மழை பெய்யும் ஒவ்வொரு மாலையும் அவள் வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு காரணத்தைப் பலர் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் தன் தவறும் வெளியே வரும். வளைவில் முந்தியது, கைப்பேசியைப் பார்த்தது, இரண்டு பீருக்குப் பிறகு கிளம்பியது எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கும்.

முதல் காரணம் அன்பிலிருந்து வருகிறது. இருந்தாலும் அது நிற்காத இடம் ஒன்று உண்டு: தலையில் அடிபட்ட நேரம்.

கீழே விழும்போது தலைக்கவசம் தரையில் மோதியிருக்கும். இரத்தம் இல்லை, நன்றாக நடக்க முடிகிறது. "ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோதான் அறிகுறி காட்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறல், வழக்கத்தை மீறிய தூக்கம், எழுப்பினாலும் தெளியாத மயக்கம். இவற்றை அடிபட்டவரால் தானே கவனிக்க முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனிக்க வேண்டும். அவருக்கு விஷயமே தெரியாவிட்டால், "அசதியா தூங்குறாரு, எழுப்ப வேணாம்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போவார். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அதைவிடப் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் மலையிறங்கி ஈப்போ வரை போக வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தை வைத்துப் பார்த்தால், இரவு பத்து மணிக்குத் தெரிவதற்கும் காலை ஆறு மணிக்குத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிராக இருக்கலாம்.

தலைக்கவசத்துக்கும் இதே கதைதான். உள்ளே இருக்கும் நுரைப் பகுதி அடியை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. பலமாக ஒருமுறை அடிபட்டால் அதன் வேலை முடிந்தது. வெளியே கீறல் மட்டும்தான் தெரியும். விஷயம் அறியாத மனைவி மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போவார். ஜாக்கெட்டை முன்பக்கம் திருப்பிப் போட்டுக் குளிரை மறைக்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இந்த விவரம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

மறைப்பதால் பணமும் போகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அல்லது வேலை முடிந்து திரும்பும் வழியில் நடக்கும் விபத்தைச் சொக்சோ, அதாவது பெர்கேசோ, வேலை சார்ந்த விபத்தாகவே ஏற்கிறது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. சொந்த வேலையாக வழியில் வேறு பக்கம் திரும்பியிருந்தால் கிடைக்காது. மருத்துவர் குறைந்தது 4 நாள் விடுப்பு எழுதினால், தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகையாகச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இறந்துபோனால் சார்ந்திருப்போருக்கு 90 விழுக்காடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு.

இப்போது மறைக்கிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். மனைவி கூடவே கிளினிக்குக்கு வருகிறார். அவர் முன்னால் சாலை விபத்து என்று சொல்ல மனம் வராமல், "குளியலறையில வழுக்கிடுச்சி டாக்டர்" என்கிறார். அதுதான் பதிவேட்டில் ஏறுகிறது. முதலாளிக்கும் தகவல் போகவில்லை. சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதுவும் நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்து முட்டி மடங்க மறுக்கும்போது பெர்கேசோ முகப்பில் போய் நிற்கிறார். கையில் இருக்கும் மருத்துவச் சீட்டு அவருக்கு எதிராகவே பேசுகிறது. மனைவியைப் பயமுறுத்தக்கூடாது என்று சொன்ன பொய், அதே மனைவியும் பிள்ளைகளும் சாப்பிட வேண்டிய பணத்தைத் தடுத்துவிடுகிறது.

ஆக, கீழே விழுந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். விழவே இல்லை, லாரி உரசிக்கொண்டு போனது மட்டும்தான் என்றால்? இங்கேதான் உண்மையான தயக்கம். இதற்கு வான்பயணத் துறையில் நடந்த ஒரு சம்பவம் பொருத்தமாக இருக்கிறது.

1974 டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கி வரும்போது ஒரு மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு நிலையம் கொடுத்த அனுமதியை விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே கீழே இறங்கியிருந்தனர். விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. சுமார் 6 வாரத்துக்கு முன்பு யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தால், அதே மலையில் மோதப் பார்த்துத் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்குச் செய்தி போகவில்லை.

அதன் பிறகு 1976இல் நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. தப்பித்த அனுபவத்தை விமானிகள் எழுதி அனுப்பலாம், பெயர் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத தவறை 10 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் தண்டனை இல்லை. தண்டனை உண்டென்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதை அவர்கள் முதலிலேயே புரிந்துகொண்டிருந்தார்கள்.

நம் வீடுகளில் இந்த இரண்டாவது பாதிதான் குறைகிறது. கணவர் ஒருநாள் மனம் விட்டுச் சொல்கிறார். உடனே அழுகை, பிறகு "நாளையிலேருந்து அந்த மோட்டார தொடாதீங்க", அடுத்த நாள் மாமியார் வீட்டுக்குத் தொலைபேசி, அதற்கடுத்த நாள் மைத்துனரின் அறிவுரை. மோட்டார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு வாரம் இது ஓடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் எதையும் சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கேட்கிறவருக்குப் பயம் வருவது இயல்பு. அந்தப் பயம் சொன்னவருக்குத் தண்டனையாக மாறினால், அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

சொல்கிறவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கடைசி நொடியில் கால் நடுங்கியதை விவரிப்பதால் கேட்பவருக்குப் பயன் இல்லை. "ஹாபு பக்கம் வளைவுல சேறு கெடக்கு, இன்னிக்கி பின்சக்கரம் இழுத்துச்சி, ஒண்ணும் ஆகல. நீ பிள்ளைய ஏத்திக்கிட்டு வந்தா ரெண்டாவது கியர்லயே இறங்கு" என்றால் அது அவருக்கு உதவும். பக்கத்து வீட்டுக்கும் உதவும். சாலையில் குழி என்றால் பொதுப்பணித் துறைக்குப் புகார் போகும். மோட்டாரில் கோளாறு என்றால் அந்த மாதச் செலவில் டயருக்கோ பிரேக்குக்கோ பணம் ஒதுக்கப்படும். இந்தக் கடைசி விஷயம் சிறியதல்ல. வழுக்கைத் டயரில் ஓடுவது வீட்டுச் செலவைச் சுருக்குவதற்காகத்தான் என்றால், அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் இருவரும்தான். 150 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்று அரசாங்கம் அறிவித்தது. தோட்டத்தில் ஓடும் கப்சாய்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குக் கீழேயும் பழையதாகவும் இருப்பவை. அவற்றுக்கு நல்ல டயரும் நிதானமும்தான் பாதுகாப்பு.

நேரம் பார்த்துச் சொல்வதில் தவறில்லை. நிறைமாத மனைவியிடம் இரவு பதினொரு மணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் அடிபடவில்லை என்றால் இரண்டு நாள் பொறுக்கலாம், அதுவரை ஒரு நண்பரிடமோ அண்ணனிடமோ சொல்லி வைக்கலாம்.

இதுவரை பேசியது ஆண்கள் மறைப்பதைப் பற்றி. கேமரன் மலையில் மோட்டார் ஓட்டும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், சந்தைக்குப் போவதும், கொழுந்து வேலை முடிந்து கடையில் பகுதிநேரம் பார்ப்பதும் அந்த மோட்டாரால்தான் நடக்கிறது. அவர்களும் தப்பித்ததைச் சொல்வதில்லை. காரணம் மட்டும் வேறு. கணவர் பயப்படுவார் என்பதற்காக அல்ல, சாவியை வாங்கி வைத்துவிடுவார் என்பதற்காக. மனைவியிடம் சொல்லத் தயங்கும் ஆண், தன் மனைவி ஏன் தன்னிடம் இதுவரை ஒருமுறைகூட இப்படி எதையும் சொன்னதில்லை என்று இன்றிரவு அவரிடமே கேட்டுப் பார்க்கலாம், சாவியை மேசையிலேயே விட்டுவிட்டு.